காரைக்குடி சனிக்கிழமை மனநல ஆலோசனை மையம்: ஏழு மாதம் கூடப் போய் வந்ததில் நான் பார்த்தது

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கடைசியில் வரும்.

சனிக்கிழமை தோறும் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை காரைக்குடியில் ஒரு மாடி வீட்டில் நடக்கிற இலவச மையம் இது. ஆலோசகர்கள் இரண்டு பேர் எல்லா வாரமும் இருப்பார்கள், மனநல மருத்துவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மதுரையிலிருந்து வந்து பார்க்கிறார். மையத்தின் பெயரையும் தெருவையும் வேண்டுமென்றேதான் போடவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கிறவர்கள், யார் எந்தப் படியில் ஏறி இறங்குகிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார்கள், அது நியாயம்தான். தேவைப்படுகிறவர்கள் முகாமில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நான் சிகிச்சைக்குப் போனவள் இல்லை, கூடப் போனவள். பள்ளத்தூர் பக்கம் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, தூணுக்கு வார்னிஷ், மெத்தைச் சுவருக்குப் பெயிண்ட் என்று வருஷம் முழுக்க ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். எட்டு வருஷமாக இதற்கெல்லாம் வருகிறவர் ஒரு அண்ணன். 2006ல் படகில் வந்து, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர். முகாமில் இருக்கிற ஆண்களில் நிறையப் பேர் பெயிண்ட் வேலைக்குத்தான் போகிறார்கள், அதில் இவர் கை தனிச் சுத்தம், பழைய முட்டை வெள்ளைப் பூச்சுச் சுவரில் ஒரு சொட்டுத் தெறிக்காமல் பக்கத்து நிலைக்கு வண்ணம் அடிப்பார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன், ஆளை அடையாளம் காட்டுகிற சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

போன மாசியில் எங்கள் வீதியில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு வேட்டுப் போட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணமோ சாவோ தேரோ வேட்டு இல்லாமல் நடக்காது, நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணன் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்துப் பக்கம், சாரத்தின் மேல் நின்று தூண் தலைப்புக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். முதல் வேட்டுக்கு டப்பா கீழே விழுந்தது. இரண்டாவது வேட்டுக்குள் அவர் எப்படி இறங்கினார் என்றே தெரியவில்லை, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் குப்புறக் கிடந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முழங்கை இரண்டையும் ஊன்றி, நெஞ்சு மட்டும் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார், வாய் திறந்திருந்தது. செல், அதாவது பீரங்கிக் குண்டு, அடிக்கும்போது அப்படித்தான் படுக்க வேண்டும், நெஞ்சு தரையில் பட்டால் அதிர்ச்சி உள்ளே இறங்கிவிடும், வாயைத் திறந்து வைத்திருந்தால் காது ஜவ்வு கிழியாது என்று சின்ன வயதிலேயே பழக்கியிருக்கிறார்கள், இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து ஓடிவந்தவர்கள் வலிப்பு என்று சொல்லிச் சாவியைத் தேடினார்கள். வலிப்பு இல்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அது எங்களைப் பார்க்கவில்லை. கொட்டின வார்னிஷ் அவர் முட்டியைச் சுற்றி மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கழித்து எழுந்தவர் முதல் காரியமாகத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, கல்லு பழுதாப் போச்சு" என்று அதையே நாலைந்து தடவை சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு எங்கள் ஐயா ஞாபகம் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, அடுத்த வருஷம் அவருடைய அப்பச்சியோடும் கடைக் கணக்கப்பிள்ளையோடும் மலை தாண்டி நடந்தே வந்தவர். அந்த 1942ல் பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், வழியிலேயே பசியிலும் காலராவிலும் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். ஐயா சாகிறவரைக்கும் தலையணைக்கடியில் ஒரு துணி முடிச்சில் பொரியரிசி வைத்திருந்தார், வாரத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுவார், விமானச் சத்தம் கேட்டால் வாசலில் விளையாடுகிற பிள்ளைகளை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். "பர்மா ஐயாவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். செட்டிநாட்டில் இப்படி எத்தனை வீட்டில் எத்தனை ஐயாக்கள், ஆயாக்கள் இருந்திருப்பார்கள். பயங்கரத்தைக் கண்டவர்களை விடாமல் துரத்துகிற இந்த மனவடு நோய்க்கு (PTSD) மருத்துவர்களின் கையேட்டில் தனியாக ஒரு பெயர் ஏறியதே 1980ல்தான், அதுவும் அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர்களைப் பார்த்த பிறகு. ஆனால் 1980க்குப் பிறகும் ஐயா இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தார், நாங்கள் யாரும் எங்கேயும் காட்டவில்லை. இந்த அண்ணன் விஷயத்தில் அப்படி விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் முகாமுக்குப் போய் அவருடைய சம்சாரத்தைப் பார்த்தேன். வேட்டு அன்றைக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை என்று அந்த அக்கா சொன்னார். பத்து வருஷத்துக்கும் மேலாக அவர் அறைக்குள் படுப்பதில்லை, வாசல்படியில் குறுக்கே படுக்கிறார், செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு. நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார், பிறகு விடிகிறவரைக்கும் நித்திரை இல்லை. பிள்ளைகள் பின்னால் வந்து தொட்டால் கை ஓங்கிவிடும், பிறகு தனியாகப் போய் அழுவார். ஊர்ப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். காலிலே ஓயாத வலி, அதற்கு மட்டும் எத்தனையோ எண்ணெய், எத்தனையோ ஊசி.

மருத்துவமே பார்க்காமலும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். அண்ணன் உள்ளே போய், "ஒரே யோசனை டொக்டர், நித்திரை இல்லை" என்றிருக்கிறார். இலங்கைத் தமிழர் பேச்சில் யோசனை என்றால் கவலை, மனசை அரிக்கிற பாரம், ஓயாமல் ஓடுகிற பழைய நினைவு எல்லாம் சேர்ந்தது. அங்கே இருந்தவருக்கு அது நம் ஊர் யோசனையாகக் கேட்டிருக்கிறது. "ரொம்ப யோசிக்காதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லித் தூக்கத்துக்கு அல்பிரசோலம் எழுதிக் கொடுத்து மூன்று நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டையே காட்டி மருந்துக்கடையில் மூன்று வருஷம் வாங்கி விழுங்கியிருக்கிறார், ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, அது இல்லாவிட்டால் கை நடுங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு மருத்துவமனையில் நெஞ்சு இறுக்குகிறது என்று போனவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, என்ன ஏது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இ.சி.ஜி. எடுக்க உடம்பில் ஒயரை மாட்டியிருக்கிறார்கள். பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் உடம்போடு வாசல்வரை ஓடியிருக்கிறார். பின்னாலேயே வந்து திட்டினார்களாம், குடிகாரன் என்று. அண்ணன் குடிக்கிறவர் இல்லை. ஒயரும், சின்ன அறையும், முகத்தில் அடிக்கிற வெளிச்சமும், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வதும் சில பேருக்கு எந்த இடத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் என்று மருத்துவமனையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அக்கம்பக்கத்து யோசனைகளும் வந்தன. குன்றக்குடியில் முடி இறக்கச் சொன்னார்கள், அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், அந்த அக்காவுக்கு முருகனிடம் போய் அழுதால்தான் நெஞ்சு இறங்குகிறது. ஆனால் ஒருவர் ஏர்வாடிப் பக்கம் கொண்டுபோய் விடு என்றார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தது எங்கள் தலைமுறையில் யாருக்கும் மறந்திருக்காது. மனநோய் என்று யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும்தான், ஏற்கெனவே கட்டிப்போட்டு அடிபட்ட மனுஷனை மறுபடியும் கட்டிப்போட எப்படி மனசு வரும்?

இனி மையத்துக்கு வருகிறேன். முகாமிலிருந்து ஒரு ஆசிரியர்தான் சொல்லி அனுப்பினார். முதல் நாள் அண்ணன் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டார், முக்கால் மணி நேரம். மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள், இருபத்தெட்டு முப்பது வயதிருக்கும், சமூகப்பணி படித்த ஆலோசகர். வா என்று கூப்பிடவில்லை. "நானும் முகாம்தான் அண்ணை, அங்கதான் பிறந்தனான்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "யோசனை எண்டால் தலைக்குள்ளயா, நெஞ்சுக்குள்ளயா?" என்று கேட்டாள். அண்ணன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக யாரோ அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்து கேட்டிருக்கிறார்கள். இந்த மையத்துக்கு நான் கொடுக்கிற நாலு மதிப்பெண்ணில் இரண்டு அந்தக் கேள்விக்கு.

மேலே போனதும் அறைக்குள் மூன்று நாற்காலி இருந்தது, எதில் உட்காருகிறீர்கள் என்று கேட்டாள். கதவைப் பார்த்த நாற்காலியை எடுத்துக்கொண்டார். கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா? திறந்திருக்கட்டும். நான் எழுதிக்கொள்ளலாமா, வேண்டாமா? வேண்டாம். எழுதவில்லை. "நடந்ததை நீங்கள் சொல்ல வேண்டாம், சொல்ல வேணும் எண்டு தோணினால் பிறகு பாக்கலாம், இப்ப நித்திரையைப் பற்றிக் கதைப்பம்" என்றாள். இது எனக்குப் புதுசாக இருந்தது. மனநல ஆலோசனை என்றால் உட்கார வைத்து உள்ளே இருக்கிறதை எல்லாம் கொட்டச் சொல்வார்கள், கொட்டினால் லேசாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வற்புறுத்திப் பேச வைக்கப்பட்ட மனுஷனை மறுபடியும் பேசு பேசு என்று நெருக்குவது அந்தப் பழைய அறைக்கே கூட்டிக்கொண்டு போவது மாதிரி, அதனால் முதலில் இந்த இடம் பத்திரம் என்று உடம்பு நம்ப வேண்டும், அதற்கு மாதக்கணக்கானாலும் ஆகட்டும் என்று பிறகு விளக்கினார்கள். அண்ணனுக்கு இலங்கையில் என்ன நடந்தது, யார் பிடித்தார்கள், எத்தனை நாள் என்பது முழுசாக எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

முதல் இரண்டு மாதம் மூச்சும் காலும்தான். மூச்சு என்றால் மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுகிற பயிற்சி. கால் என்றால், நினைவு பழைய இடத்துக்கு இழுக்கும்போது இப்போது எங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குச் சொல்கிற பயிற்சி: கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்வது, காதில் விழுகிற சத்தத்தைச் சொல்வது, கையில் படுவதைத் தடவிப் பார்ப்பது, தேதியையும் ஊரையும் வாய்விட்டுச் சொல்வது. எது உங்களுக்குக் குளிர்ச்சியாக, நிச்சயமாகத் தெரிகிறது என்று கேட்டபோது அண்ணன் எங்கள் வளவுத் தரையைச் சொன்னாராம். ஒரு ஆத்தங்குடிக் கல் உடைந்தது இருந்தால் தருவீர்களா என்று கேட்டு வாங்கிப் போனார். மஞ்சளும் பச்சையும் பூப் போட்டது, மூலை மட்டும் போனது. அதை முகாம் வீட்டு வாசல்படிக்குப் பக்கத்தில் பதித்து வைத்திருக்கிறார், ராத்திரி விழிப்பு வந்தால் அதில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார்.

அந்தக் கால்வலியைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். மருத்துவர் நடக்கச் சொல்லிப் பார்த்தார், அனுமதி கேட்டுவிட்டு உள்ளங்காலை அழுத்திப் பார்த்தார், குதிகால் சதை தட்டையாகிப் போயிருந்தது. வாதம் என்று பத்து வருஷம் எண்ணெய் தேய்த்த கால். உள்ளங்காலில் அடிப்பது பல நாடுகளில் நடக்கிற சித்திரவதை, அதற்கு ஃபலங்கா என்று பெயரே இருக்கிறது, சித்திரவதைக்கு ஆளானவர்களை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று 1999ல் ஐ.நா.விடம் ஒப்படைக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறையில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே தழும்பு ஒன்றும் இருக்காது, ஆனால் குதிகாலின் மெத்தை போன்ற சதை நசுங்கி வருஷக்கணக்கில் நடக்க நடக்க வலிக்கும். மருத்துவர் இதையெல்லாம் அண்ணனிடம் விவரிக்கவில்லை, "இது உங்கள் கற்பனை இல்லை, வயசும் இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாராம். மெத்தென்ற அடிவைத்த செருப்பும், பிசியோதெரபி பயிற்சி நாலும் எழுதிக் கொடுத்தார்கள். படி இறங்கி வரும்போது அண்ணன் அழுதுகொண்டிருந்தார். சாரத்தின் மேல் நாள் முழுக்க அந்தக் காலோடு நின்று எங்கள் வீட்டுக்கு வண்ணம் அடித்திருக்கிறார், எட்டு வருஷம், ஒரு நாள் சொன்னதில்லை.

மருந்து பற்றிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாக. அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தவில்லை, அப்படி நிறுத்தினால் வலிப்பே வரலாம், வீட்டில் யாரும் தானாகச் செய்யாதீர்கள். பாதி, கால் என்று வாரக்கணக்கில் குறைத்தார்கள். இந்த நோய்க்கு அந்த வகை மாத்திரை சரிப்படாது என்பதைப் பொறுமையாக விளக்கினார்கள். அதற்குப் பதிலாகச் செர்ட்ரலின், முதலில் 25 மில்லிகிராம், பிறகு 50. முதல் பத்து நாள் குமட்டலும் வயிற்றுக் கோளாறும் இருந்தது, பலன் தெரிய ஐந்து வாரம் ஆனது. "பைத்தியத்துக்கான மாத்திரையோ?" என்று அந்த அக்கா பயந்தபோது, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் எப்படியோ அப்படித்தான் இதுவும், ஆனால் இது மட்டும் போதாது, பேச்சும் வேண்டும் என்று சொன்னார்கள்.

நாலாவது மாதத்தில்தான் நடந்ததைப் பேச ஆரம்பித்தது. நான் அறைக்குள் போகவில்லை, அண்ணன் சொன்னதை வைத்து எழுதுகிறேன். தரையில் ஒரு கயிற்றை நீட்டமாகப் போட்டு, பிறந்ததிலிருந்து இன்றுவரை அந்தக் கயிறுதான் உங்கள் வாழ்க்கை என்று சொல்லி, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல் என்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கல்லாகவே வைத்துக்கொண்டு போனாராம். பிறகு திரும்பி வந்து, அம்மா, பள்ளிக்கூடத்துக் கிணறு, முதல் சைக்கிள், கல்யாணம், மகள் பிறந்தது என்று பூ வைக்க ஆரம்பித்திருக்கிறார். அதன் பிறகு வாரம் ஒரு கல்லாக, ஆரம்பத்திலிருந்து வரிசையாக, அவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதி, அடுத்த வாரம் படித்துக் காட்டித் திருத்தி, கடைசியில் முழுக்கதையும் அவர் கையில் கொடுப்பார்கள். போரும் அகதி வாழ்க்கையும் கண்டவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட முறை இது, இலங்கையில் சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறார்கள். நினைவு துண்டு துண்டாக, நேரம் காலம் இல்லாமல் கிடப்பதால்தான் வேட்டுச் சத்தத்துக்கு அது இப்போதே நடக்கிற மாதிரி எழுந்து நிற்கிறது, அதை ஒரு வரிசையில் கோத்து, இது அப்போது நடந்தது, அங்கே நடந்தது, முடிந்துவிட்டது என்று வைப்பதுதான் வேலை. அந்த நாட்களில் வெளியே வரும்போது முகம் வெளிறிப் போயிருக்கும், இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அதையும் முன்கூட்டியே சொல்லி, செவ்வாய்க்கிழமை ஒரு தடவை போன் பண்ணி விசாரித்தார்கள். தேர்ந்த ஆள் இல்லாமல் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

இன்னொன்று, இவர்கள் மனசை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அண்ணன் ஒரு வாரம் தூங்கவில்லை, அந்தச் சனிக்கிழமை முழுக்க அந்த விண்ணப்பம்தான் நடந்தது. 1983லிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்து இன்னும் முகாம் பதிவேட்டில் இருக்கிறார்கள். 1951ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் 1997ல் கையெழுத்துப் போட்டும் இன்னும் உறுதி செய்யவில்லை. 2021ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள், வீடுகளும் கட்டிக் கொடுக்கிறார்கள், அது நல்ல காரியம். ஆனாலும் நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத மனுஷனிடம் எல்லாம் முடிந்துவிட்டது, நிம்மதியாகத் தூங்கு என்று எப்படிச் சொல்வது? பழைய காயம் பாதி, இன்றைய நிலை பாதி. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதி வருவதும் இதைத்தான், போர் தனி ஆளை மட்டும் உடைப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஒருவரை ஒருவர் நம்புகிறதையும் உடைக்கிறது என்று. இந்த மையம் அக்காவையும் பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது, அப்பாவைப் பின்னாலிருந்து தொடாமல் முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவன் இப்போது வாசலிலேயே "அப்பா, நான் வாறன்" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறான்.

இது ஒருவர் இருவர் கதையும் இல்லை. போரிலும் இடப்பெயர்விலும் சிக்கிய மக்களைப் பற்றி 40 நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2009ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு இந்த மனவடு நோயும், அதே அளவு பேருக்கு மனச்சோர்வும் இருந்தன, மனவடு நோயோடு மற்ற எல்லாவற்றையும்விட வலுவாகத் தொடர்புபட்டிருந்தது சித்திரவதைதான். மறுபக்கம், பத்தில் ஏழு பேருக்கு அந்த நோய் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முகாம்காரர் என்றாலே மனநோயாளி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

போன மாதம் கோயில் திருவிழா. வேட்டுப் போடுகிறவரிடம் நான் நேரத்தைக் கேட்டு வைத்து அண்ணனிடம் சொல்லியிருந்தேன், வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னேன். வந்தார். நேரம் நெருங்கியதும் சாரத்திலிருந்து படிப்படியாக இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வளவுத் தரையில் நின்றார். முதல் வேட்டுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, கை தூணைப் பிடித்துக்கொண்டது, உதடு மட்டும் அசைந்தது, தேதியும் ஊர்ப்பெயரும். ஒன்பது வேட்டும் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறினார். இன்னும் வாசல்படியில்தான் படுக்கிறார். ஆனால் வாரத்தில் நாலு ராத்திரி தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூக்கம் இருக்கிறது என்று அக்கா கணக்குச் சொல்கிறார்.

குறைத்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். முதல் மாதம் வாசலில் காக்கி உடுப்பில் ஒரு காவலாளி நின்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் வருகிறவர்களுக்கு அந்த உடுப்பைக் கண்டாலே நடை தடுமாறியது. சொன்னோம், அடுத்த வாரமே சாதாரணச் சட்டைக்கு மாற்றிவிட்டார்கள், அது பாராட்ட வேண்டியது. கீழே இருக்கிற இரும்பு ஷட்டரைப் பற்றியும் சொன்னோம், அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் இழுத்துவிடுகிற ஒவ்வொரு தடவையும் மேலே நாலு பேர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார்கள். காத்திருக்கிற இடத்தில் தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது, காஸாவோ உக்ரைனோ, குண்டு விழுந்த கட்டடம் திரும்பத் திரும்ப. அதை அணைத்துவிட்டால் ஒரு பைசா செலவில்லை. இரண்டு அறைக்கு நடுவில் பலகைத் தடுப்புதான், குரல் கேட்கிறது. ஆலோசகர் இரண்டு பேருமே பெண்கள், ஆண்களில் சிலர் சில விஷயங்களைப் பெண்ணிடம் சொல்ல முடியாமல் திரும்பிப் போகிறார்கள், ஆண்களுக்கு நடக்கிற பாலியல் கொடுமையை யாரும் வாய் திறந்து பேசுவதே இல்லை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அப்புறம், சனிக்கிழமை பகலில் மட்டும் என்றால் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ் காசு வேறு. முகாமில் ஆட்களைக் கணக்கெடுக்கிற தணிக்கை அதே சனிக்கிழமையில் வந்தால் அந்த வாரம் போக முடியாது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் திறந்தாலே இன்னும் எவ்வளவோ பேர் வருவார்கள்.

காரைக்குடிக்கு வர முடியாதவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் காட்டலாம், 2017 சட்டப்படி மனநல சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை, குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. ராத்திரியில் மனசு தாங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் 14416க்கு அழையுங்கள், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மையத்துக்கு முதல் தடவை போகிறவர்கள் பழைய மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் அப்படியே பையில் எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதாக இருந்தாலும் சரி. மருத்துவர் வருகிற சனிக்கிழமை எது என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்கு மேல் கூட்டம் ஏறிவிடும். கூடப் போகிறவர்கள் மாடியில் உட்கார வேண்டாம், எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் ஒரு திண்ணை இருக்கிறது, அங்கே இருங்கள், அவர்கள் இறங்கி வரும்போது என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நானும் அண்ணனும் இறங்கி வந்ததும் ஆளுக்கொரு டீயும் ஒரு பணியாரமும் சாப்பிட்டுவிட்டு, பெயிண்ட் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு பஸ் ஏறுவோம்.